கையால் எறியும் பால்சா கிளைடர்: பலமாக எறிந்தால் ஏன் லூப் அடிக்கிறது, சரியாகப் பறக்க எப்படிச் செய்வது?

கேள்வியின் சாரம் இது. சுமார் 45 செ.மீ. இறக்கையுள்ள, பால்சா என்ற மிக லேசான மரத்தில் செய்த கிளைடர் ஒன்று. மெல்ல விட்டால் ஓரளவு நேராகப் போகிறது. பலமாக எறிந்தால் மேலே வளைந்து, தலைகீழாகச் சுற்றி, தரையில் குத்துகிறது. மூக்கில் கிளே கூட்டிப் பார்த்தும் லூப் நிற்கவில்லை; மெல்ல விடும்போது தலைகுப்புற இறங்குவதுதான் மிச்சம். அளவுகளை எப்படித் தீர்மானிப்பது, எதை மாற்றுவது?

முதலில் லூப்பைப் பார்ப்போம். இது புரிந்தால் மற்ற அளவுகளுக்கெல்லாம் காரணம் தானாகப் பிடிபடும்.

30 கிராம் எடையுள்ள, 45 செ.மீ. இறக்கை கொண்ட கிளைடர் மிதந்து இறங்கும் வேகம் வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர். மிதமாக ஓடுகிற ஆளின் வேகத்தைவிடச் சற்று அதிகம். அதையே வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் எறிகிறீர்கள் என்று வையுங்கள். வேகம் 3 மடங்கு. காற்று தரும் விசைகளோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகின்றன. ஆகவே அவை 9 மடங்கு. மூக்கைக் கீழே இழுக்கும் கிளேயின் எடை மட்டும் அதே எடைதான், அது 9 மடங்கு ஆவதில்லை. மிதக்கும் வேகத்தில் 'மூக்கைக் கீழே இழுக்கும் எடை', 'மூக்கை மேலே தூக்கும் வால்' இரண்டும் சமமாக நின்றிருக்கும். எறிந்த கணத்தில் வால் ஒன்பது பங்கு இழுக்க, எடை ஒரு பங்குதான் எதிர்க்கிறது. வேறு வழியில்லாமல் மூக்கு மேலே போகிறது.

ஆக, மூக்கில் எடை அதிகம், அதைச் சமன்செய்ய வாலின் பின்விளிம்பு அதிகமாக மேலே வளைந்திருப்பது: இந்த இரண்டும் சேர்ந்ததுதான் லூப்புக்குக் காரணம். நீங்கள் இன்னும் எடை சேர்த்து, அது குத்த ஆரம்பித்ததும் வாலை இன்னும் மேலே வளைத்தால் நோய் முற்றும். செய்ய வேண்டியது நேர் எதிர்: வாலின் வளைவைக் குறைக்க வேண்டும், அதோடு மூக்கு எடையையும் குறைக்க வேண்டும். லூப்பைச் சரிசெய்யும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மெல்லப் பறப்பதும் கெடும், வேகமாகப் பறப்பதும் கெடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1804-இல் விமானவியல் முன்னோடி ஜார்ஜ் கேலி செய்த சிறு மாதிரி கிளைடரிலேயே வாலின் கோணத்தையும் மூக்கு எடையின் இடத்தையும் மாற்றிப் பார்க்க வசதி இருந்தது. 1871-இல் பாரிசில் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர் முறுக்கு விமானம் 11 வினாடி நிலையாகப் பறந்ததற்கும் இறக்கையைவிட வாலைக் குறைந்த கோணத்தில் வைத்ததே காரணம். வால் இறக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் இருந்தால்தான் வேகம் கூடும்போது மூக்கு எழும், வேகம் குறையும்போது மூக்கு தாழும். அந்த வேறுபாடு தேவை. ஆனால் பலமாக எறியும் கிளைடருக்கு அது மிகக் கொஞ்சமே போதும்.

இனி அளவுகள். கீழே தருவது ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்கிட்ட ஒரு முழு வடிவம். ஒரு அளவை மாற்றினால் சி.ஜி. (கிளைடரின் மொத்த எடையும் சமன்பட்டு நிற்கும் புள்ளி) கணக்கும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இறக்கையின் முழு நீளம் 450 மி.மீ., அதாவது ஒரு பக்கம் 225. நடுவிலிருந்து 130 மி.மீ. வரை அகலம் மாறாமல் 90 மி.மீ. மீதி 95 மி.மீ. நீளத்தில் அகலம் 90-லிருந்து 60 ஆகக் குறையும். பின்விளிம்பு நேர்கோடு, முன்விளிம்புதான் நுனியை நோக்கிப் பின்வாங்கும். மொத்தப் பரப்பு சுமார் 377 சதுர செ.மீ. கிடைமட்ட வால் 170 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம், 85 சதுர செ.மீ. அது இறக்கைப் பரப்பில் 22 சதவீதம் சொச்சம். ஃபின் (வாலில் செங்குத்தாக நிற்கும் பலகை) உயரம் 60, சராசரி அகலம் 45. 27 சதுர செ.மீ., அதாவது இறக்கையில் 7 சதவீதம். உடல் மொத்தம் 435 மி.மீ.: இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால் மூக்கு 110, இறக்கை உட்காரும் இடம் 90, அதன் பின்விளிம்பிலிருந்து வாலின் முன்விளிம்பு வரை 185, வால் 50.

வாலை ஏன் இவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். வாலின் பலம் என்பது அதன் பரப்பையும் தூரத்தையும் பெருக்கி வருவது. அதை இறக்கையின் பரப்பாலும் சராசரி அகலத்தாலும் வகுத்தால் வரும் எண் 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் இருந்தால் கையெறி கிளைடர் நன்றாக அடங்கி நிற்கும். மேலே உள்ள அளவுக்கு அது 0.69. பார்க்க அழகாக இருக்கிறது என்று போர்விமானத்தைப் போல வாலைக் குட்டையாக்கினால் இந்த எண் 0.3-க்கு இறங்கிவிடும், பிறகு சி.ஜி.யை எங்கே வைத்தாலும் துள்ளிக்கொண்டேதான் பறக்கும். ஃபின்னை இன்னும் பெரிதாக்கினால் நல்லது என்று தோன்றும், அதுவும் தவறு. ஃபின் பெரிதாக இருந்தால் திரும்பும்போது உள்பக்க இறக்கை தாழ்ந்து, வட்டம் சுருங்கிக்கொண்டே போய்ச் சுழன்று விழும். மிகச் சிறிதாக இருந்தால் வால் இடவலமாக ஆடும்.

எடைக் கணக்கு: இறக்கை 16 கிராம், உடல் 6, வால் 1.4, ஃபின் அரை கிராம், பசையும் பூச்சும் 1.5, மூக்கில் 6. மொத்தம் 31 கிராம். இதில் கவனிக்க வேண்டியது வால்தான். வாலிலிருந்து சி.ஜி.க்கு 264 மி.மீ.; மூக்கிலிருந்து 141 மி.மீ. மட்டுமே. ஆகவே வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் ஏறத்தாழ 2 கிராம் கூட்ட வேண்டும். 1.5 மி.மீ. பலகை போட வேண்டிய இடத்தில் 3 மி.மீ. போட்டு, அதன்மேல் பெயின்டும் ஸ்டிக்கரும் ஒட்டிய வால்தான் பல கிளைடர்களைக் கல்லாக்குகிறது.

பால்சாவைப் பொறுத்தவரை, கடையில் பலகையை எடுத்ததும் தராசில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரே கட்டில் ஒரே தடிமனில் இருக்கும் இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு கனமாக இருப்பது சகஜம். இறக்கைக்கு 5 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளப் பலகை வேண்டும். அது 55-லிருந்து 65 கிராமுக்குள் இருக்கட்டும். 90 கிராம் என்றால் வேறு பலகை கேளுங்கள். வாலுக்கு 1.5 மி.மீ. பலகை, அதே நீள அகலத்தில் 16–18 கிராம். உடலுக்கு மட்டும் கெட்டியான மரம் தேவை: 6 மி.மீ. பலகை 100 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது, நகத்தால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழக்கூடாது.

எடைக்கு அடுத்தது மரம் அறுத்த விதம். சில பலகைகளின் முகத்தில் மீன்செதில் போலப் புள்ளிகள் மினுங்கும். அந்தப் பலகையை அகல வாக்கில் வளைக்கப் பார்த்தால் வளையாது, பிளந்துவிடும். இறக்கைக்கும் வாலுக்கும் அதுதான் ஏற்றது; ஈரக்காற்றில் குழியாகச் சுருண்டுகொள்ளாது. நீள நீளமாகக் கோடு ஓடி, அகல வாக்கில் அட்டை போல வளையும் பலகையைக் குழாய் உருட்டவும் வளைவு மூடவும் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம். நார் எப்போதும் இறக்கையின் நீளத்தோடு ஓட வேண்டும். வாலுக்கும் நீளவாக்கு, ஃபின்னுக்கு நிமிர்ந்தவாக்கு.

பால்சா கிடைக்காவிட்டால் 5 மி.மீ. டெப்ரான் நுரைப்பலகையில் செய்யலாம். லேசாக இருக்கும், ஆனால் பலமாக எறிந்தால் இறக்கை நெளியும். நடுவில் கார்பன் பட்டி ஒட்ட வேண்டிவரும். ஃபெவிக்விக் வகைப் பசை தெர்மாகோலையும் டெப்ரானையும் கரைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து இறக்கையின் குறுக்குவெட்டு. இங்கேதான் பொறுமையும் கைப்பதமும் வேண்டும். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

பெரிய விமானத்தின் இறக்கையைப் பார்த்து அதே போல முன்னால் உருண்டு தடித்து இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் காற்றின் நடத்தை அளவைப் பொறுத்து மாறும். அதை அளப்பது ரெனால்ட்ஸ் எண். பயணிகள் விமானத்தின் இறக்கைக்கு அது கோடிக்கணக்கில் வரும். நம் கிளைடருக்கு வெறும் 23,000 அளவில். இந்த அளவில் தடித்த, உருண்ட முன்விளிம்பு கொண்ட இறக்கையின் மேற்பரப்பில் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் காற்றுச் சுரங்கத்தில் செய்து 1942-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின: குறைந்த வேகத்தில், சிறிய அகலத்தில், மெல்லிய வளைந்த தகடு தடித்த இறக்கையை வென்றுவிடுகிறது. ஆகவே 90 மி.மீ. அகலத்துக்கு 5 மி.மீ. தடிமன் போதும், அதற்கு மேல் வேண்டாம். முன்விளிம்பு கூர்மையாக, பின்விளிம்பு தாள் போல இருக்க வேண்டும்.

வெட்டிய இறக்கைப் பலகையின் மேற்புறத்தில், முன்விளிம்பிலிருந்து 27 மி.மீ. தள்ளி, நீளவாக்கில் பென்சில் கோடு போடுங்கள். அகலத்தில் 30 சதவீதம் அது. அந்தக் கோட்டில்தான் தடிமன் முழு 5 மி.மீ. இருக்கும். நுனிப் பகுதியில் கோடும் முன்விளிம்போடு சேர்ந்து பின்வாங்கும். நுனியில் தடிமன் 3 மி.மீ. ஆகட்டும். கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியைச் சிறு இழைப்புளியால் பின்விளிம்பை நோக்கிச் சரிவாக இழைக்க வேண்டும். பின்விளிம்பின் செங்குத்து முகத்தில் அடியிலிருந்து 1 மி.மீ. உயரத்தில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்பது தெரியும். பிறகு 25 செ.மீ. நீள மரக்கட்டையில் 80-ஆம் நம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கலாம். கையில் தாளை வைத்து விரலால் தேய்த்தால் மென்மையான இடம் பள்ளமாகும், கெட்டியான இடம் மேடாகவே நிற்கும். நீளக் கட்டைதான் வளைவைச் சீராக்கும்.

பின்பகுதி ஆனதும் முன்பகுதி. மேற்புறம் கோட்டிலிருந்து முன்விளிம்புக்கு வளைவாக இறங்கட்டும். அடிப்புறத்தில் முன்விளிம்பிலிருந்து 10–12 மி.மீ. தூரம் மட்டும் லேசாக மேல்நோக்கிச் சீவுங்கள். முன்விளிம்பு அடியிலிருந்து 1–1.5 மி.மீ. உயரத்தில் வந்து நிற்கும். மற்ற அடிப்புறம் முழுவதும் தட்டையாகவே இருக்கட்டும். 80-க்குப் பிறகு 180, கடைசியில் 320. முடிந்ததும் முன்விளிம்பை விரலால் தடவினால் மழுங்கிய கத்தி போல உணர வேண்டும், பென்சில் போல உருண்டு இருக்கக்கூடாது. சாய்வான வெளிச்சத்தில் மேற்புறத்தைப் பாருங்கள்: சன்னல் பக்கம் பிடித்தால் 27 மி.மீ. கோட்டில் ஒரு முகடு நிழலாகத் தெரியும். அந்த முகடு மறையும் வரை 320-ஆல் மெல்லத் தேயுங்கள். இரண்டு பக்க இறக்கையும் தராசில் அரை கிராமுக்குள் ஒத்துவர வேண்டும். வந்தால் பிறகு பாதி தொல்லை இல்லை.

உப்புத்தாளால் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். பால்சாத் தூள் மிக நுண்ணியது, தொண்டையில் நிற்கும்.

இறக்கையை நடுவில் அறுத்து மேல்நோக்கி மடித்து ஒட்டுவது டைஹெட்ரல். ரிமோட் இல்லாத கிளைடர் ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நிமிர்வது இதனால்தான். ஒவ்வொரு பக்கமும் 9–10 டிகிரி வேண்டும். டிகிரி அளக்க வேண்டியதில்லை: ஒரு பக்கம் மேசையில் படுத்திருக்கையில் மறுபக்க நுனி 73 மி.மீ. உயரத்தில் இருந்தால் சரி. அறுத்த முகங்களைச் சரிவாகத் தேய்க்க, ஒவ்வொரு பாதியையும் மேசை விளிம்பில் வைத்து, நுனிக்கு அடியில் 37 மி.மீ. உயரத்துக்கு ஏதாவது கொடுத்து, உப்புத்தாள் கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து ஓட்டுங்கள். இரண்டு முகங்களும் வெளிச்சம் தெரியாமல் பொருந்தும் வரை இதைச் செய்ய வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்பினால் முதல் நல்ல எறியிலேயே அந்த இடத்தில் முறியும்.

இந்த மூட்டுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் நல்லது. முதலில் இரண்டு முகங்களிலும் மெல்லப் பூசி 10 நிமிடம் காயவிட்டு, மறுபடி பூசி ஒட்டுங்கள். மரம் முதல் பூச்சைக் குடித்துவிடும். அடியில் பிளாஸ்டிக் தாள் போட்டு, குண்டூசியால் நிறுத்தி, ஒரு இரவு விடுங்கள். ஃபெவிக்விக் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதிர்ச்சியில் கண்ணாடி போல விட்டுவிடும். மூட்டு காய்ந்ததும் மேலும் கீழும் 25 மி.மீ. அகல மெல்லிய நைலான் துணிப் பட்டையை அதே பசையில் நனைத்து ஒட்டினால் இறக்கை முறிவது அநேகமாக நின்றுவிடும்.

உடலை வெட்டும்போது இறக்கை உட்காரும் இடம்தான் முக்கியம். அங்கே ஆழம் 20 மி.மீ.; மூக்கில் 15, வால் முனையில் 7. இறக்கை உட்காரும் தளத்தின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2.4 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நூலுக்கும் சற்றுக் குறைவு, 90 மி.மீ. நீளத்தில் அது 1.5 டிகிரி. வால் உட்காரும் தளம் உடலின் நேர்கோட்டுக்கு இணை, அதாவது 0 டிகிரி. நீங்கள் ஏற்கெனவே செய்த கிளைடரில் இதை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 4 டிகிரிக்கு மேல் இருக்கும்.

இறக்கையின் அடி 'வி' வடிவில் இருப்பதால் உடலின் மேற்புறத்தையும் அதற்கேற்பச் சீவி உட்காரவைத்து ஒட்டுங்கள். பசை காய்வதற்குள் மூன்று அளவு பார்க்க வேண்டும். இரண்டு இறக்கை நுனிகளின் பின்மூலையிலிருந்தும் உடலின் வால் முனைக்கு நூல் பிடித்தால் தூரம் 1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். முன்னிருந்து பார்த்தால் இரண்டு நுனிகளும் ஒரே உயரம். பின்னிருந்து பார்த்தால், வலது கையால் எறிபவருக்கு, வாலின் இடது நுனி வலதைவிட 4 மி.மீ. உயரமாக இருக்கட்டும். இந்தச் சாய்வு வேண்டுமென்றே வைப்பது: வாலின் எந்த நுனி உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கிளைடர் திரும்பும். இடது கையால் எறிபவர் இங்கேயும் கீழேயும் இடவலத்தை மாற்றிக்கொள்ளவும்.

பூச்சு கட்டாயம். பூசாத பால்சா காலை ஈரத்தில் ஒருவிதமாகவும் மதிய வெயிலில் வேறுவிதமாகவும் முறுக்கிக்கொள்ளும். நேற்று சரியாகப் பறந்தது இன்று ஏன் சுழல்கிறது என்று புரியாது. தச்சர்கள் பயன்படுத்தும் என்.சி. சீலரைத் தின்னரோடு சரிபாதி கலந்து இரண்டு முறை பூசி, நடுவில் 400-ஆம் நம்பர் தாளால் தேய்த்தால் போதும். மேலும் கீழும் ஒரே சமயத்தில் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கமாக வளையும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல்.

மூக்கு எடைக்குத் தூண்டில் ஈயக்குண்டைத் தட்டி மூக்கின் ஓரத்தில் ஒட்டி, மிச்சத்துக்குக் கிளே வைக்கலாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள். முனையில் ஒரு துண்டு ரப்பரோ நுரையோ ஒட்டுவது அவசியம். 31 கிராம்தான் என்றாலும் எறிந்த வேகத்தில் கண்ணில் பட்டால் விபரீதம்.

இப்போது ட்ரிம், அதாவது சீராகப் பறக்கும்படி எடையையும் வளைவையும் சிறிது சிறிதாகத் திருத்துவது. நடு அகலத்தில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 36 மி.மீ. பின்னால், இருபுறமும் அடியில் புள்ளி வைத்து, இரண்டு விரல் நுனியில் நிறுத்துங்கள். உடல் மட்டமாக நிற்கும் வரை கிளே சேருங்கள். இது பாதுகாப்பான தொடக்கம். இந்த அளவுகளுக்கு சி.ஜி. 48 மி.மீ. வாக்கில் போனால் கிளைடர் நிலைத்தன்மையை முற்றிலும் இழக்கும். கடைசியில் நாம் போய் நிற்கப்போவது 40-க்குப் பக்கம்.

எறிவதற்கு முன் இறக்கையை முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு 1.5 மி.மீ. மேலே திரும்பியிருக்க வேண்டும். வேகம் குறையும்போது நுனி முதலில் ஸ்டால் ஆகாமல், அதாவது தூக்குவிசையை இழந்து விழாமல், இது காக்கும். இடது இறக்கையின் உள்பாதியில் மட்டும் பின்விளிம்பு 1 மி.மீ. கீழே. இடதுபுறம் வட்டமடிக்கும்போது உள்பக்கம் தாழ்ந்து சுழலாமல் அது தாங்கிப்பிடிக்கும். முறுக்கு ஏற்றுவது எளிது: அந்த இடத்தில் வாயால் இரண்டு மூன்று முறை ஆவி ஊதி, விரல்களால் வேண்டிய பக்கம் சற்று அதிகமாகவே முறுக்கி அரை நிமிடம் பிடியுங்கள். விட்டதும் பாதி திரும்பி வரும், பாதி நிற்கும். பிடிவாதமான முறுக்குக்குக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் காட்டலாம், ஆனால் பூச்சு போட்ட பிறகு அது மெல்லத்தான் ஏறும்.

காற்றே இல்லாத நேரம், அதிகாலை, புல்தரை. தோள் உயரத்தில் பிடித்து, எதிரே 12 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு இடத்தைக் குறிவைத்து, சிறிது கீழ்நோக்கி, அதன் மிதக்கும் வேகத்திலேயே தள்ளிவிடுங்கள். மேல்நோக்கி எறிந்தால் ஸ்டால் ஆகும், அது கிளைடரின் குற்றமல்ல. சரியாக இருந்தால் 11–14 மீட்டர் போய், வயிற்றால் தரையைத் தடவி நிற்கும். மூக்கைத் தூக்கி, நின்று, குத்தினால் மூக்கில் கிளே சேர்க்க வேண்டும். அரை கிராம் சேர்த்தால் சி.ஜி. ஏறத்தாழ 2 மி.மீ. முன்னேறும், ஆகவே ஒரு தடவைக்குக் கால் கிராம், அரை கிராம் என்றே மாற்றுங்கள். நேரே குத்தினால் கிளேயை எடுங்கள். ஒரே மாதிரி மூன்று எறி எறிந்து மூன்றும் ஒரே மாதிரி நடந்தால் மட்டுமே அதை நம்பி எதையும் மாற்றுங்கள்.

நேராகப் போகும்போது மிக லேசான ஸ்டால் மிச்சமிருந்தால் அதை அப்படியே விடுங்கள். வட்டமடிக்க ஆரம்பித்ததும் அது தானாக அடங்கும். இடதுபக்கம் 12–15 மீட்டர் விட்டத்தில் வட்டம் வரவேண்டும். வராவிட்டால் ஃபின்னின் பின்விளிம்பை அரை மி.மீ. இடப்பக்கம் வளையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வேகமான எறியில் அந்த அரை மி.மீ.யும் 9 மடங்கு பேசும்.

அடுத்து, உங்கள் பழைய சிக்கலைத் தீர்க்கும் சோதனை. முக்கால் பலத்தில், மட்டமாக, நேராக எறியுங்கள். மூக்கு உடனே மேலே வளைந்தால் வாலின் பின்விளிம்பை அரை மி.மீ. கீழே வளைத்து, கால் கிராம் கிளேயை எடுங்கள். மெல்ல விட்டு மிதப்பு கெடவில்லை என்று பார்த்து, மறுபடி முக்கால் பலம். இப்படி மாறிமாறிப் போகப்போக சி.ஜி. 36-லிருந்து 38, 39, 40 என்று பின்னால் நகரும், லூப் தேய்ந்து மெல்லிய ஏற்றமாக மாறும். எதிர்ப்பக்க எல்லையும் உண்டு: வேகமாக எறிந்தது மூக்கைத் தாழ்த்திக்கொண்டு எழாமலே தரைக்குப் போனால் இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள கோண வேறுபாடு தேவைக்கும் கீழே போய்விட்டது. உடனே பின்விளிம்பை அரை மி.மீ. மேலே, கிளே கால் கிராம் கூட. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கிளைடரின் இடம்.

முழு எறிக்கு நேராக மேலே எறியக்கூடாது. வலது கையால் எறிபவர் கிளைடரை வலப்பக்கம் 30–40 டிகிரி சாய்த்து, வானத்தை நோக்கி 45 டிகிரியில், காற்றின் திசைக்குச் சற்று வலப்பக்கமாக எறிய வேண்டும். ஆள்காட்டி விரல் இறக்கையின் பின்விளிம்பில், உடலோடு சேரும் இடத்தில் தாங்கியிருக்கட்டும். அங்கே சிறு பிளைவுட் துண்டு ஒட்டிவிட்டால் மரம் நசுங்காது. வேகத்தில் அது வலப்பக்கம் வளைந்து ஏறும், உச்சியில் வேகம் குறையும்போது நிமிர்ந்து, இடப்பக்க வட்டத்தில் விழாமல் புகுந்துகொள்ளும். உச்சியில் நின்று, பின்வாங்கி, பல மீட்டர் குத்தி மீண்டால் சாய்வு போதவில்லை அல்லது எறிந்த கோணம் செங்குத்து. இடப்பக்கமே புரண்டு விழுந்தால் ஃபின் வளைவு அதிகம், அல்லது இடது இறக்கையின் அந்த 1 மி.மீ. முறுக்கு காய்ந்து திரும்பிவிட்டது.

இந்தக் கிளைடர் வினாடிக்கு 60 செ.மீ. வாக்கில் இறங்கும். 10 மீட்டர் உயரம் எறிந்தால் 16 வினாடி. காலை பத்து மணிக்கு மேல், வெயில் தரையைச் சுட ஆரம்பித்த பிறகு எறிந்தால் அந்தக் கணக்கு பொய்யாகலாம்: சூடான காற்று எழும் இடத்தில் வட்டமடிக்க நேர்ந்தால் அது இறங்காமல் ஏறிக்கொண்டே போகும். இறக்கையின் அடியில் உங்கள் போன் எண்ணைப் பென்சிலால் எழுதிவிட்டு எறியுங்கள்.